நாலு போத்தல் தண்ணீர்

மேசையில் நாலு போத்தல்.
நாலிலும் தண்ணீர்.
வருகிறவர்கள் எடுத்துக் குடித்துவிடாதபடி
கறுப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்:
பைப், கேன், கிணறு, பல்தசார்.

ஐஸ்பெட்டி திருத்துகிறவன் நான்.
உப்புவெளியில் எந்த விடுதியின் கொம்பிறசர்
எந்த மாதம் மூச்சை விடும் என்று சொல்லுவேன்.
தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
குளிர்ந்தால் கட்டியாகும்.

முதல் முறை பைப்பில் பிடித்தேன்.
கந்தளாயில் இருந்து
குழாய்க்குள்ளேயே நடந்து வந்த களைப்பில்
குளோரின் மணத்தோடு இறங்கியது.
கொழும்பு பஸ்ஸின் லக்கேஜில் வந்த
ஐந்து கிலோ பார்லி மோல்ட்டை அதில் ஊறவைத்து
வடித்து, காய்ச்சி, ஈஸ்ட் போட்டு
மூன்று கிழமை பொறுத்து மூடி திறந்தால்
ஆஸ்பத்திரி வாசம்.
பிளாஸ்டரை உரித்து நக்கியது போல.
கமலோதினி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள்:
"காயம் ஆறும். குடியுங்கோ."

அவளுக்கு நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் வேலை.
ஊரின் தாகம் நாள்தோறும்
அவளுடைய கண்ணாடிக் குழாய்களில் நிறம் மாறும்.
ஓர் இரவு வாளியைத் திறந்து வைத்திருந்தால்
மணம் தன்பாட்டில் போயிருக்குமாம்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம்.

பிறகு கேன்.
இருபது லீற்றர், உப்பெல்லாம் பிழிந்தெடுத்தது.
ஒரு குற்றமும் சொல்லேலாது.
பியர் மெலிந்து வந்தது,
பிறந்த ஊரை மறைத்துப் பேசுகிறவனைப் போல.

"கன்னியாவில அள்ளுங்கோ, காஸ் மிச்சம்"
என்று சிரித்தான் பக்கத்து வீட்டு நேசகுமார்.
கன்னியா நாற்பது பாகை; மோல்ட் கேட்பது அறுபத்தாறு.
அதோடு,
இராவணன் தாய்க்குக் கடன் கழித்த தண்ணீரில்
பியர் காய்ச்சினால் உருப்படுவோமா?

எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட.
கடல் வந்த வருஷம் மூன்று தரம் இறைத்தோம்.
முதல் தரம் சேறும்
ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்தும் வந்தன.
யாருடையது என்று
நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.
பிறகு வெறும் உப்பு.
இன்றைக்கும் சவர்க்காரம் நுரைக்காது.
அதிலே வெளிர்நிறப் பியர் காய்ச்சினவன் நான்.
ஐந்து ரூபாய்க் குற்றியை
நாக்கின் கீழ் வைத்திருந்தது மாதிரி இருந்தது.

நாலாவது பாலையூற்றுக் கிணறு.
தச்சுவேலை பார்க்கும் பல்தசாரின் வளவுக்குள் இருக்கிறது.
"முதல் போத்தில் எனக்கு" என்பது வாடகை.
அவன் வீட்டுக் கேத்தலைத் தட்டினால்
வெள்ளைப் பொருக்கு உதிரும்,
சுவரே உதிர்வது போல.

கமலோதினி அந்தத் தண்ணீரை
இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள்.
தாளில் கல்சியம், காரத்தன்மை, இன்னும் ஏதேதோ.
அடியில் சிவப்பு மையில்:
"வெளிறினது சரிவராது. கருக்கினதைப் போடுங்கோ."
கருகிய பார்லிக்குப் புளிப்பு உண்டு,
சுண்ணாம்போடு மல்லுக்கட்டிச் சமாதானமாகும் என்றாள்.
மூன்று பியரைக் கீழே ஊற்றினவனுக்கு
ஒரு வரியில் முடிந்தது.

ஞாயிறு விடிய அடுப்பு மூட்டினேன்.
பானைக்குள்
மின்சாரம் போன இரவில் கொட்டியாரக்குடா.
தாளை மடித்துக்கொண்டு வந்தவள்
பானையைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றாள்.
"எங்கட கிணத்தில ரெண்டு செம்பு விடுங்கோ.
அந்த உப்பு வாயை நிறைக்கும்."
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
அவள் செம்பை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழிய பல்தசார் வந்தான்.
நுரையை மீசையில் இருந்து வழித்தான்.
இன்னொரு மிடறு குடித்தான்.
"நல்லாயிருக்கு" என்றான்.
பிறகு யோசித்து,
"கொஞ்சம் கடல் அடிக்குது, என்ன?"

கமலோதினி எழுந்து
மோட்டரை நிறுத்தப் போனாள்.
மோட்டர் ஓடவில்லை.